இரட்டை விளக்கு ரியூசன்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் நடத்தியது மோசடி இல்லை. ரியூசன். இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாதவர்கள் யாழ்ப்பாணத்து வடமராட்சியில் பிறக்காதவர்கள். எங்கள் பக்கத்தில் பிள்ளை ஒழுங்காக மூக்குச் சிந்தப் பழகுமுன் ரியூசனுக்குப் போய்விடும். மழை வருமா வராதா என்று அரசாங்கம் ஒரு சோதனை வைத்தால்கூட அடுத்த கிழமையே அதற்கு ஒரு வகுப்புத் தொடங்கும், முன் வாங்கில் இடம்பிடிக்க அடிபாடும் நடக்கும்.

அப்படியான சனத்தைப் பேர்கன் நகரத்தில் குடியிருக்க விட்டு, 'உன் மனதுக்குள் எந்த நாடு எவ்வளவு இருக்கிறது, வா அளந்து பார்ப்போம்' என்று நோர்வே அரசாங்கம் ஒரு மெஷினையும் கொண்டுவந்து வைத்தால் நாங்கள் என்ன செய்வோம் என்று அவர்கள் யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை. அதற்கு நான் பொறுப்பில்லை.

என் பெயர் ஜெயரூபன். நகரத்தின் தண்ணீர்க் குழாய்களைக் கவனிக்கும் பொறியியலாளன். ஊரில் இளவயதில் கொஞ்சக் காலம் கணக்குப் படிப்பித்ததால் இங்கேயும் சனம் என்னை ரூபன் மாஸ்டர் என்றுதான் கூப்பிடும். ஒருமுறை மாஸ்டர் ஆனவன் சாகும்வரை மாஸ்டர்தான்.

மெஷினுக்கு ஒரு முழ நீளத்தில் அரசாங்கப் பெயர் உண்டு. எங்கள் ஆட்கள் வைத்த பெயர் இரட்டை விளக்கு. நெற்றியில் ஒரு பட்டி கட்டுவார்கள். முன்னால் திரையில் படங்கள் போகும், காதில் சத்தம் கேட்கும், மூக்குக்குக் கீழே ஏதாவது வாசம் வரும். பக்கத்தில் இரண்டு விளக்கு. ஒன்று மஞ்சள், மற்றது நீலம். அதை எங்களுக்கு விளங்கப்படுத்த மாரித் என்ற பெண் அதிகாரி தமிழ் மண்டபத்துக்கு வந்தாள். அவர்கள் மொழியில் 'நீங்கள்' என்ற மரியாதைச் சொல் வழக்கத்தில் இல்லை, எல்லாரும் எல்லாருக்கும் 'நீ'தான். என்னைவிடப் பத்து வயது குறைந்தவள் என்னை 'நீ' என்பதைத் தமிழில் எழுத எனக்கு மனமில்லை. ஆகவே 'நீங்கள்' என்றே மொழிபெயர்த்திருக்கிறேன்.

"முன்பு வந்தவர்கள் எல்லாரும் எங்களைப்போல மாறவேண்டும் என்று நினைத்தோம்" என்றாள். "அது பிழைத்துவிட்டது. பழையதை முழுக்க விட்டவர்கள் மனம் உடைந்து போனார்கள். புதியதைத் தொடாதவர்கள் தனித்துப் போனார்கள். இரண்டையும் வைத்திருப்பவர்கள்தான் நன்றாக வாழ்கிறார்கள். அதனால் இனி இரண்டையும் அளப்போம். பூர்வீக நாட்டுக்கு மஞ்சள், இந்த நாட்டுக்கு நீலம். வதிவிட உரிமை எடுக்க ஒவ்வொன்றிலும் அறுபது வேண்டும்."

மருந்துக்கடையில் வேலை செய்யும் என் மனைவி சுகிர்தா கையைத் தூக்கினாள். "என்ன கேள்வி கேட்பீர்கள்?"

"ஒன்றும் கேட்கமாட்டோம். ஒரு படத்தைக் கண்டதும் உங்கள் மூளை 'இது என் வீடு' என்று மகிழ்கிறதா என்று மட்டும் பார்ப்போம். அதற்குப் படிக்கவும் முடியாது, நடிக்கவும் முடியாது."

மண்டபத்தில் இருந்த அத்தனை தலையும் என் பக்கம் திரும்பியது. படிக்க முடியாத சோதனை என்று ஒன்று உண்டோ என்று அந்தக் கண்கள் கேட்டன.

முதலில் போனவர்கள் மண்கவ்வினார்கள். அதில் ஒரு வேடிக்கை. இந்த நாட்டில் வசந்தகாலத்தில் அடுக்குமாடியில் இருக்கிற எல்லாரும் சேர்ந்து முற்றம் கூட்டி, குப்பை அள்ளி, கடைசியில் கோப்பி குடிப்பார்கள். இங்கத்தைய பெரிய பண்பாடு அது. அந்தப் படம் வந்தால் நீலம் எரியவேண்டும். எங்கள் ஆட்களுக்கு மஞ்சள் எரிந்தது. மண்வெட்டி, கூட்டுமாறு, பெரிய கேத்திலில் தேத்தண்ணி. இதைக் கண்டால் எங்கள் மூளைக்குப் பள்ளிக்கூடச் சிரமதானம்தானே வரும்? மெஷினுக்குச் சிரமதானம் தெரியாது. நீலத்தில் மூன்று புள்ளி போய்விட்டது.

அப்படித் தோற்று வந்தவர்களை உட்காரவைத்து, என்ன படம் பார்த்தாய், என்ன மணந்தது என்று விசாரித்தேன். ஆளுக்கு ஐந்தாறு சொன்னார்கள். சில மாதத்தில் மெஷினின் வயிற்றுக்குள் இருந்த பெரும்பகுதி என் கைக்கு வந்துவிட்டது. பழைய வினாத்தாள் சேர்ப்பது எங்களுக்கு இரத்தத்தில் ஊறிய கலை.

எங்கள் கட்டடத்தின் நிலவறையில் பொதுஅறை ஒன்று இருக்கிறது. சனிக்கிழமை பத்து மணிக்கு வகுப்பு. பத்து என்றால் பத்துதான், பிந்தி வந்தவர்களுக்குக் கதவு திறக்கமாட்டேன். காசு வாங்கவில்லை. தேத்தண்ணியும், என் அக்கா ஊரிலிருந்து அனுப்பும் பருத்தித்துறை வடையும் நான் கொடுப்பேன்.

முறை மிகவும் எளிது. மூளையை ஏமாற்ற முடியாது, ஆனால் பழக்கலாம். "உங்கட வாழ்க்கையில மிகச் சந்தோசமான ஒரு நிமிசத்தை எடுங்கோ" என்பேன். "கண்ணை மூடி, அந்த நிமிசத்துக்குள்ள போய் நில்லுங்கோ. நிண்டிட்டியளோ? இப்ப கண்ணைத் திறந்து இஞ்சத்தைய ஆக்கள் விரும்பித் தின்னிற இந்தப் பழுப்புச் சீஸைப் பாருங்கோ." அவ்வளவுதான். அதை நூறு தரம் செய்யவேண்டும். பிறகு சீஸைக் கண்டால் உள்ளே தானாகச் சந்தோசம் பொங்கும், நீலம் எரியும். பனிச்சறுக்குக்குப் பூசும் மெழுகின் வாசம், மின்சாரம் இல்லாத மலைக்குடில், பஸ் தரிப்பிடத்தில் ஒருவரோடொருவர் பேசாமல் நிற்கும் சனம், எல்லாவற்றுக்கும் இதே வைத்தியம். இங்கே பிறந்து மஞ்சளில் குறைந்த பிள்ளைகளுக்குக் கோயில் மணியையும் ஒடியல் கூழையும் வைத்து அதே வேலை.

என்னிடம் வந்தவர்கள் ஒருவர்கூடத் தோற்கவில்லை. அநேகமாக எல்லாருக்கும் அறுபத்தேழு, அறுபத்தெட்டு. தலைகால் தெரியாமல் நடந்தேன். நகரத்துக்குத் தண்ணீர் கொடுப்பதெல்லாம் அப்போது எனக்கு இரண்டாம் பட்சமான வேலை.

ஒரு சனிக்கிழமை வகுப்பு முடிந்து எல்லாரும் போனபிறகு நிருஜா மட்டும் நின்றாள். பிள்ளைப் பராமரிப்பு நிலையத்தில் வேலை செய்பவள். முந்திய வருடம் என்னிடம் படித்து வதிவிட உரிமை எடுத்தவள். தனக்குத் தெரிந்த ஒருத்தியைச் சேர்த்துவிட வந்திருந்தாள் என்று நினைத்தேன்.

"மாஸ்டர், ஒண்டு கேக்கவேணும். நீங்கள் கோபிக்கக் கூடாது."

"கேள் பிள்ளை."

"சீஸுக்கு நான் மகளின்ர முதல் சிரிப்பை வைச்சனான். அவள் மூண்டு மாதத்தில ஒருநாள் என்னைப் பாத்துச் சத்தமாச் சிரிச்சவள். அதைவிடச் சந்தோசம் எனக்கு வேற இல்லை. அதாலதான் அதை எடுத்தனான்."

"நல்ல தெரிவு. அதுதான் எழுபத்தொண்டு வந்தது."

"ஓம். ஆனா இப்ப அவள் சிரிக்கேக்க எனக்கு சீஸ் ஞாபகம் வருது மாஸ்டர்."

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

"நேற்றும் சிரிச்சவள். நான் அவளைப் பாக்கிறன், வாயில அந்த ருசி வருது, இதுக்கு எத்தினை புள்ளி எண்டு மனம் கணக்குப் போடுது. தம்பியின்ர கலியாணத்தில நாதஸ்வரம் கேட்டும் அழேல்லை. மஞ்சள் எரியுதோ எண்டுதான் யோசிச்சன். இதை எப்பிடித் திருப்பிறது?"

"கொஞ்ச நாளில சரியாப் போயிடும்" என்றேன். எனக்குத் தெரியாது. தெரியாத கேள்விக்கு மாஸ்டர்மார் சொல்லும் பதில் அது. அவள் தலையாட்டிவிட்டுப் போனாள். நான் கேத்திலைக் கழுவிவிட்டு வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டேன். நன்றாகவே சாப்பிட்டேன் என்பதை இப்போது நினைக்க வெட்கமாக இருக்கிறது.

அந்த வருட மாரிமழைக் காலத்தில் அக்கா விழுந்தார். தவமலர் அக்கா, எனக்கு ஒரேயொரு உடன்பிறப்பு. பருத்தித்துறையில் தனியே இருந்தார். கிணற்றடியில் வழுக்கி விழுந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டு கிடந்தவரை, பால் கொடுக்க வந்த பெண் அடுத்தநாள் காலையில்தான் கண்டிருக்கிறாள். எலும்பு உடையவில்லை. ஆனால் ஒரு இரவு முழுக்க மழையில் கிடந்திருக்கிறார். அத்தான் இறந்தபிறகு "நான் ஏன் அங்க வந்து குளிருக்குள்ள சாக" என்று சொல்லிக்கொண்டிருந்தவர், அன்றைக்குத் தொலைபேசியில், "தம்பி, என்னைக் கூப்பிடுறியோ?" என்று கேட்டார். அக்கா என்னிடம் கேட்ட முதல் உதவி அது.

உறவினரைக் கூப்பிடுவதற்கு, கூப்பிடுகிறவர் இரட்டை விளக்கில் சித்தியடைய வேண்டும். புதிதாக வருபவருக்கு வழிகாட்ட இரண்டு விளக்கும் எரிகிற ஆள்தான் தகுதி என்பது சட்டம். அதுவும் இரத்த உறவாக இருக்கவேண்டும், சுகிர்தா செய்ய முடியாது. நான் பழைய குடியுரிமைக்காரன், அதுவரை மெஷினில் ஏறியதே இல்லை. எனக்கென்ன பயம்? இந்தச் சோதனையின் பிதாமகனே நான்தானே.

மாரித் பட்டியைக் கட்டினாள். படங்கள் போயின. எல்லாம் என்னுடைய பழைய சிநேகிதர்கள். அடுத்தது என்ன வரும் என்றுகூட எனக்குத் தெரிந்தது. முடிந்ததும் அவள் திரையைப் பார்த்தாள், வயரைப் பார்த்தாள், பட்டியைக் கழற்றித் துடைத்து மறுபடி கட்டி முழுவதையும் இன்னொருமுறை ஓடவிட்டாள்.

"மஞ்சள் ஏழு" என்றாள். "நீலம் ஐந்து."

"மெஷின் பழுது."

"அப்படித்தான் நானும் நினைத்தேன். பழுதில்லை. நித்திரையில் இருப்பவர்களுக்கும் இதைவிடக் கூட வரும். ஜெயரூபன், உங்களுக்கு உடம்புக்கு ஏதும் செய்கிறதா?"

வீட்டுக்கு வந்து சுகிர்தாவிடம் சொன்னபோதுதான் எனக்கே விளங்கியது. ஒவ்வொரு படத்துக்கும் பயிற்சி தயாரிக்கும்போது முதலில் என்னில்தான் சோதித்துப் பார்த்தேன். என்னிடமிருந்த நல்ல நிமிடங்களை ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்து, கிழமைக்குக் கிழமை அதையே உதாரணமாகக் காட்டி, கரும்பலகையில் சோக்கட்டி தேய்கிற மாதிரித் தேய்த்து முடித்துவிட்டேன். படங்களும் செத்துப்போயின, நிமிடங்களும் செத்துப்போயின.

"எதை எதுக்குக் குடுத்தனீங்கள்?" என்று சுகிர்தா கேட்டாள்.

சொல்லியிருக்கக் கூடாது. சொன்னேன். "சறுக்கு மெழுகுக்கு எங்கட கலியாண நாள்."

"என்ர கலியாணத்தை மெழுகுக்கோ குடுத்தனீங்கள்? ஒரு நல்ல மலைக்காவது குடுத்திருக்கலாமே."

"அந்த மெழுகு கஷ்டமான கேள்வி சுகி. பலமான நிமிசம் தேவைப்பட்டது."

அந்தப் பதில் அவளைக் கொஞ்சம் இளக்கியது என்று நினைக்கிறேன். அன்றைக்குச் சோறு கிடைத்தது.

இன்னும் ஒரே ஒரு வாய்ப்பு இருந்தது. அதிலும் தோற்றால் ஐந்து வருடத்துக்குக் கேட்க முடியாது. அக்காவுக்கு அறுபத்தெட்டு வயது. ஐந்து வருடம் அந்தக் கிணற்றடியில் அவர் தனியே நடப்பதை நினைக்கவே முடியவில்லை.

மாரித் நல்லவள். "படங்கள் உங்களுக்கு வேலை செய்யவில்லை. அப்படியான ஆட்களுக்கு இன்னொரு முறை இருக்கிறது" என்றாள். "ஒரு நாள் முழுக்கப் பட்டியைக் கட்டிக்கொண்டு வழமைபோல இருங்கள். நீங்கள் கேட்பதும் பேசுவதும் பதிவாகும். இரண்டு விளக்கும் சேர்ந்தாற்போல் பத்து நிமிடம் அறுபதுக்கு மேலே எரிந்தால் போதும். வருகிற சனிக்கிழமை செய்யலாம்."

"சனிக்கிழமையா?"

"ஏன், சனிக்கிழமைகளில் உங்களுக்கு ஏதும் வேலையா?"

"இல்லை" என்றேன். பொய்தான். வேறு என்ன சொல்ல?

சனிக்கிழமை வகுப்பு வைத்தால் முழு ரியூசனும் பட்டியில் பதிவாகும். என்னிடம் படித்து உரிமை எடுத்த அத்தனை பேருடைய புள்ளியையும் கிளறுவார்கள். வகுப்பை நிறுத்திவிட்டு மலைப்பக்கம் நடக்கப்போகலாம் என்று முடிவெடுத்தேன். சுகிர்தா கேட்டாள்: "அந்தப் பிள்ளை நிருஜாவுக்கு என்ன சொன்னனீங்கள்?"

"சரியாப் போயிடும் எண்டு."

"உங்களுக்குச் சரியாப் போச்சுதோ?"

இல்லை என்று இருவருக்கும் தெரியும். மலைக்குப் போகும் எண்ணத்தை விட்டேன்.

சனிக்கிழமை காலை பட்டியை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போகலாமா என்றும் ஒரு யோசனை ஓடியது. கழற்றினால் மறு சோதனையே இல்லை என்பது விதி. தொப்பியை இழுத்து மூடிக்கொண்டு நிலவறைக்குப் போனேன். பதினைந்து பேர் அளவில் இருந்தார்கள். அவர்களில் ஐந்து பேருக்கு அடுத்த கிழமை சோதனை. நிருஜாவையும் வரச்சொல்லியிருந்தேன். பத்தானதும் கதவைச் சாத்தினேன்.

தொப்பியைக் கழற்றிப் பட்டியைக் காட்டினேன். "நான் கதைக்கிறது எல்லாம் பதிவாகுது. நீங்கள் ஒரு சொல்லும் பறையாதேங்கோ, உங்கட குரல் வரக்கூடாது" என்றேன். பிறகு என்னுடைய ஏழையும் ஐந்தையும் சொன்னேன். "நான் படிப்பிச்ச முறை பிழை. புள்ளி வரும். ஆனா வைச்ச சாமான் திரும்பி வராது. என்னட்டப் படிச்ச ஒரு தாய்க்குப் பிள்ளையின்ர சிரிப்புப் போச்சு. எனக்கு முழுசும் போச்சு. இனி இந்த வகுப்பு இல்லை. அடுத்த கிழமை போறவை உள்ளதோட போங்கோ. வாறது வரட்டும்."

என் சனத்தைப் பற்றி எனக்கு ஒரு பயமும் ஒரு பெருமையும் எப்போதும் உண்டு. பேசாதே என்றால் பேசுவார்கள். கேதீஸ் என்ற பொடியன், வழமையாகப் பிந்தி வந்து வெளியே நிற்பவன், அன்றைக்குத்தான் முதல்முறை நேரத்துக்கு வந்திருந்தான். "மாஸ்டர், நான் ஒருநாள் நேரத்துக்கு வர, நீங்கள் கடையைப் பூட்டுறியள்" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். பதினைந்து குரலும் பதிவாகியிருக்கும். நிருஜா எழுந்து போய்த் தேத்தண்ணி ஊற்றத் தொடங்கினாள்.

மத்தியானம் வீட்டுக்கு வந்து அக்காவுக்குத் தொலைபேசி எடுத்தேன். அவருக்கு அது பின்னேரம். உண்மையைச் சொல்லவேண்டும் என்று நினைத்தேன். நம்பிக்கொண்டு இருக்கிற ஆளை நம்பவைத்துக்கொண்டிருப்பது பாவம்.

"அக்கா, நான் சோதினையில தோத்திட்டன். இண்டைக்கும் வராது போல. பட்டியைக் கட்டிக்கொண்டுதான் கதைக்கிறன், காலையில இருந்து எனக்கு ஒண்டும் எரிஞ்சிருக்காது. உங்களைக் கூப்பிட முடியாது அக்கா."

அந்தப் பக்கம் காகம் ஒன்று கரைவது கேட்டது. எனக்கு அழுகை வந்தது. அழுதேன்.

"சரி, விடு" என்றார் அக்கா. "அழாத. கண்டறியாத சோதினை. அதுக்கு நீ என்ன செய்வாய்." பிறகு, "இண்டைக்கு அங்க என்ன புதினம்? கீழ்வீட்டுக் கிழவன் இன்னும் கோவமோ?" என்று கேட்டார்.

கீழ்வீட்டுக் கிழவர் தூர்பியோர்ன், உடுப்புத் தோய்க்கும் அறையில் யாருக்கு எப்போது முறை என்பதைக் காவல்காப்பவர். போன கிழமை சுகிர்தா கால்மணி நேரம் பிந்திவிட்டாள் என்று எங்களோடு பேச்சை நிறுத்தியிருந்தார். நேற்று மாடிப்படியில் என்னைக் கண்டு ஒன்றும் பேசாமல் ஒரு போத்தல் ஜாமை நீட்டினார். அதை அக்காவுக்குச் சொன்னேன்.

"ஏன் ஜாம்?"

"அது மன்னிப்பு அக்கா. இஞ்சத்தைய ஆக்கள் வாயால கேளாயினம். காட்டில பழம் பிடுங்கி, காய்ச்சி, போத்தலில போட்டுத் தருவினம்."

"அட, எங்கட சின்னத்துரை மாமா. அந்தாளும் சண்டை கொழுவிப்போட்டு மூண்டாம்நாள் வேலிக்கு மேலால முருங்கைக்காய் எறியிற ஆளெல்லே."

"சின்னத்துரை மாமாவேதான். ஆனா இவர் நேரத்துக்கு எறிவார்."

அக்கா சிரித்தார். பிறகு மழையைக் கேட்டார். இந்த நகரத்தில் மழை விடாது என்பது அவருக்குத் தெரியும், ஆனால் அன்றைய மழை எப்படி என்று கேட்பார். யன்னலடியில் நின்று சொன்னேன். தூறலாகவும் இல்லாமல் பெருமழையாகவும் இல்லாமல் பக்கவாட்டில் வருகிறது, ஒரு தாய் குடையில்லாமல் பிள்ளையை வண்டிலில் வைத்துத் தள்ளிக்கொண்டு ஒன்றும் நடக்காததுபோலப் போகிறாள் என்றேன். "பிள்ளைக்குச் சளி பிடிக்காதோ" என்றார். இங்கே குழந்தைகளைக் குளிருக்குள் வெளியே நித்திரையாக்குவார்கள் என்றேன். அக்கா அந்தத் தாயையும் நோர்வேயையும் சேர்த்துத் திட்டினார். நான் விளங்கப்படுத்த, அவர் நம்ப மறுக்க, எங்கள் அம்மா என்னை மாமரத்தடி ஏணையில் மழைத்தூறலோடு விட்டதை அவர் சொல்ல, நேரம் போனது தெரியவில்லை. தேத்தண்ணி ஆறி ஆடை படர்ந்திருந்தது. எனக்கு அழுத ஞாபகமே இல்லை.

திங்கட்கிழமை மாரித் கூப்பிட்டாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. இங்கே எல்லார் முகமும் அப்படித்தான்.

"வகுப்பைப் பற்றி முதலில் பேசுவோமா?"

"பேசலாம். பிழை என்னுடையது. அவர்களை ஒன்றும் செய்யாதீர்கள்."

"ஒரே நகரத்தில் ஒரே இனத்து ஆட்கள் எல்லாருக்கும் அறுபத்தேழு வந்தால் எங்களுக்கு விளங்காதென்று நினைத்தீர்களா?" என்றாள். "எனக்கு விளங்கியது. மேலே இருப்பவர்களுக்கு வேறுமாதிரி விளங்கியது. தமிழர்கள் பிறவியிலேயே சமநிலையானவர்கள் என்று எங்கள் ஆராய்ச்சியாளர் பெரிய கட்டுரை எழுதிப் பாராட்டும் வாங்கிவிட்டார். அதை மாற்றிச் சொல்ல இப்போது ஒருவருக்கும் விருப்பமில்லை. வகுப்புப் பகுதியை மட்டும் மொழிபெயர்ப்பித்தேன், நீங்களே நிறுத்திவிட்டதாகச் சொல்கிறீர்கள். அது எனக்குப் போதும்."

"நன்றி" என்றேன்.

"இனி உங்கள் விளக்கு." திரையை என் பக்கம் திருப்பினாள். காலை முழுக்க இரண்டு கோடும் தரையில் கிடந்தன. வகுப்பில் பொடியன் பேசிய இடத்தில் லேசாக ஒரு அசைவு. மத்தியானத்துக்குப் பிறகு இரண்டும் ஒன்றாக எழும்பி, தொண்ணூறுக்கு மேலே ஏறி, இறங்காமல் அப்படியே நின்றன.

"இந்த மெஷினில் நான் இதுவரை இப்படிக் கண்டதில்லை. முக்கால் மணி நேரம்" என்றாள். "நீங்கள் யாரோடு பேசினீர்கள்?"

"என் அக்காவோடு."

"அவர்தானே வரப்போகிறவர்?"

"ஓம்."

மாரித் அனுமதியில் கையெழுத்துப் போட்டாள். பிறகு, மனதில் பட்டதைச் சொல்லாமல் விடாத இந்த நாட்டுப் பழக்கத்தோடு சொன்னாள்: "இரண்டு வருடத்தில் உங்களை மறுபடி அளக்கவேண்டும். அப்போது எரியாவிட்டால் அவருடைய அனுமதியையும் திரும்ப யோசிப்பார்கள். அவர் அங்கே இருக்க, நீங்கள் இங்கிருந்து சொல்கிறீர்கள். அதில்தான் எரிகிறது. அவர் இங்கே வந்துவிட்டால் நீங்கள் இதையெல்லாம் யாருக்குச் சொல்வீர்கள்?"

அக்கா வரும்வரையும் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. சுகிர்தாவிடம் சொன்னேன். "மனுசி வந்து சேரட்டும், பிறகு பாப்பம்" என்றாள்.

சனிக்கிழமைகளில் சனம் வழமைபோல நிலவறைக்கு வந்துகொண்டுதான் இருந்தது. படிப்பு இல்லை என்றால் வரமாட்டார்கள் என்று நினைத்தேன். சும்மா வந்து தேத்தண்ணி குடித்தார்கள். சோதனைக்குப் போன ஐவரில் நாலு பேர் அறுபதைத் தாண்டிவிட்டார்கள், கேதீஸ் மட்டும் ஐம்பத்தெட்டு. அடுத்த தரம் பார்க்கிறேன் என்று கவலையில்லாமல் சொன்னான். நிருஜாவிடம் மகளைப் பற்றிக் கேட்டேன். "இப்ப அவள் சிரிக்கேக்க அவளும் தெரியிறாள், சீஸும் தெரியுது மாஸ்டர். பரவாயில்லை. அவளுக்கும் அந்தச் சீஸ்தான் விருப்பம், வேற ஒண்டும் தின்னமாட்டாள்" என்றாள். அதைக் கேட்ட பிறகுதான் எனக்கு ஒழுங்காக நித்திரை வந்தது.

அக்கா சித்திரையில் வந்தார். விமான நிலையத்தில் கட்டிப்பிடித்து அழுது முடித்து, ட்ராமில் ஏறினோம். பெட்டி நிறையச் சனம், ஒரு சத்தமில்லை. அக்கா இரண்டு தரிப்பிடம் வரைக்கும் பொறுத்தார்.

"தம்பி, ஆரும் செத்துப்போச்சினமோ?"

"இல்லை அக்கா. இஞ்ச ட்ராமில கதைக்கமாட்டினம்."

"செத்தவீட்டிலகூடக் கதைப்பினம். இதென்ன சனம், பக்கத்தில இருக்கிற மனுசரை ஏறெடுத்தும் பாக்கிறேல்லை. நெஞ்சில ஈரமில்லாத சனம்."

"அப்பிடிச் சொல்லாதேங்கோ. வேலை முடிஞ்சு களைச்சு வருவினம். ஒருத்தர்ர அமைதியை மற்றவர் குழப்பக்கூடாது எண்டு நினைக்கினம். அதுவும் ஒரு மரியாதைதான். நீங்கள் இப்ப விழுந்தா முழுப்பேரும் எழும்பி ஓடி வருவினம், பாருங்கோ."

"ஓ, விழுந்து பாக்கட்டோ?"

"அக்கா, உங்களுக்கு இந்த ஊரைப் பற்றி என்ன தெரியும்? இப்பதானே வந்திறங்கினனீங்கள்."

என் குரல் எழும்பிவிட்டது. முன்னால் இருந்த இருவர் திரும்பிப் பார்த்தார்கள். சுகிர்தா வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். "மச்சாள், இவர் இத்தினை வருசமா இஞ்ச ஒருத்தரையும் எங்கட ஊரை ஒரு சொல் சொல்ல விடமாட்டார். வேலையிடத்தில ஒருத்தன் யாழ்ப்பாணத்து வெக்கையைப் பழிச்சதுக்கு அவனோட ஒரு மாசம் கதைக்கேல்லை. இண்டைக்குத்தான் இந்த ஊருக்காக வாய் திறந்து கேக்கிறன்."

அக்கா என்னை மேலும் கீழும் பார்த்தார். ஊரில் வக்கீலை அப்புக்காத்து என்போம். வாய்காரப் பிள்ளைகளுக்கும் அந்தப் பட்டம் உண்டு. "டேய், ரெண்டு ஊருக்கும் நீ ஒருத்தன்தான் அப்புக்காத்தோ?" என்று கேட்டார்.

"ஓம்" என்றேன்.

"நல்லது. உன்ர அத்தான் போனபிறகு எனக்கும் சண்டை கொழுவ ஆளில்லாமல் இருந்தது." கைப்பையை மடியில் இறுக்கி வைத்துக்கொண்டு யன்னல் பக்கம் திரும்பினார். கண்ணாடியில் மழை பக்கவாட்டாக ஓடிக்கொண்டிருந்தது. "சரி அப்புக்காத்தர், சித்திரை மாதத்தில இந்த மழை என்னத்துக்குப் பெய்யுது? அதுக்கு என்ன ஞாயம் வைச்சிருக்கிறாய், சொல்லு பாப்பம்."

வைத்திருந்தேன். வீடு வந்து சேரும்வரை அக்காவுக்கே சொன்னேன்.